கன்டெய்னர் டிரெய்லர் லேண்டிங் லெக்: பழுதும் மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

20 அடி, 40 அடி கன்டெய்னர் டிரெய்லர், பிளாட்பெட், மூடிய பெட்டி டிரெய்லர் என பிஃப்த் வீலில் கோர்த்து இழுக்கும் எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தும். இழுக்கும் வண்டியை இங்கே முன்வண்டி என்று குறிப்பிடுகிறோம். லேண்டிங் லெக் என்பது முன்வண்டியைக் கழற்றியபின் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் ஜோடிக் கால்கள். பிஃப்த் வீல் என்பது முன்வண்டியின் மேலுள்ள கோர்ப்புத் தட்டு, கிங் பின் என்பது அதில் பூட்டிக்கொள்ளும், டிரெய்லரின் அடியிலுள்ள முள்.

லெக்குக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு வெளிக்குழாய், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு உள்குழாய். வெளிக்குழாயின் தலைப்பக்கம் ஒரு திருகுத்தண்டு பேரிங் மேல் தொங்குகிறது. உள்குழாயின் மேல்முனையில் அதற்கான நட் பொருத்தப்பட்டிருக்கும். தண்டு சுழன்றால் நட் ஏறும் அல்லது இறங்கும், அதோடு உள்குழாயும் அதன் அடியிலுள்ள பாதமும் நகரும். தண்டின் உச்சியில் ஒரு பெவல் கியர் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் சாய்பல் கியர்). அதைச் சுழற்றும் சின்ன பெவல் கியர், கைப்பிடியிலிருந்து வரும் படுக்கைத் தண்டில் இருக்கும்.

கியர் பாக்ஸ் ஒரு காலில் மட்டும்தான். இன்னொரு கால் குறுக்குத் தண்டு வழியாகச் சுழல்கிறது. இரண்டு வேகம் உண்டு: வேக கியர், பாதம் தரையைத் தொடும்வரை இறக்க. சுமை கியர், எடை ஏறிய பிறகு சுற்ற. பெரும்பாலான மாடல்களில் சுமை கியரில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் நகரும். 5 செ.மீ. தூக்க ஐம்பது சுற்று. வேக கியரில் அதைப்போல் பல மடங்கு. கைப்பிடியை உள்ளே தள்ளினால் சுமையா, வெளியே இழுத்தால் சுமையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டிக்கர் போயிருந்தால் வெறும் வண்டியில் நாலு சுற்று சுற்றிப் பார்த்து, வெளிக்குழாயில் பெயின்டால் எழுதி வையுங்கள். டிரைவர் மாறும் வண்டிகளில் இந்த ஒரு வரி பெயின்ட் பல கியர்களைக் காப்பாற்றும்.

பிளேட்டில் 28 டன் என்று போட்டிருக்கிறது. எங்கள் டிரெய்லரில் ஏறுவதே 26 டன். அப்புறம் ஏன் உடைகிறது?

சந்தையில் வரும் ஜோடிகளில் இரண்டு எண்கள் இருக்கும். தூக்கும் திறன் 24 முதல் 28 டன், நிலையாகத் தாங்கும் திறன் 50 முதல் 80 டன். இரண்டுமே ஜோடிக்கான கணக்கு, ஒரு காலுக்கானது அல்ல. கால்கள் நேர் செங்குத்தாக, சமதரையில், எடை இரண்டிலும் சரிபாதியாக இருக்கும்போது கிடைக்கும் எண்கள் அவை. பக்கவாட்டில் வரும் இழுப்புக்கு அவற்றில் இடமே இல்லை.

அடுத்தது நெம்புகோல் கணக்கு. கால்கள் கிங் பின்னுக்குப் பின்னால் இருப்பதால், கிங் பின்மேல் விழும் எடையைவிடக் கால்கள்மேல் விழும் எடை எப்போதும் அதிகம். கிங் பின்னிலிருந்து பின் அச்சுத் தொகுதியின் நடு வரை 8 மீட்டர், கால்கள் கிங் பின்னுக்கு 2.4 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். முன்வண்டிமேல் 12 டன் இறங்கினால், கழற்றி விட்டதும் கால்கள்மேல் 12 × 8 ÷ 5.6, அதாவது 17 டன். பின் டயர்கள்மேல் இருந்த 5 டன்னும் முன்னால் வந்துவிடுகிறது.

சரக்கு முன்னால் குவிந்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். 24 டன் எடையுள்ள 20 அடி பெட்டி ஒன்றை 40 அடி டிரெய்லரின் முன்முனையில் வைத்தால், பெட்டியின் நடு கிங் பின்னிலிருந்து சுமார் 2.1 மீட்டரில் வரும் (கிங் பின் முன்விளிம்பிலிருந்து 0.9 மீட்டர் உள்ளே இருந்தால்). அது கால்களுக்கும் முன்னால்! கால்கள்மேல் பெட்டியால் மட்டும் 25 டன், டிரெய்லரின் சொந்த எடையில் ஒரு பங்கு அதன்மேல். பின்புறம் தூக்கிக்கொண்டு மூக்கு குத்தாமல் நிற்பது டிரெய்லரின் வெற்று எடையால் மட்டும்தான். இப்படி ஏற்றிய வண்டியை யார்டில் கழற்றி விடவே கூடாது. ஒற்றை 20 அடி பெட்டிக்கு இடம் நடு அல்லது பின்.

2018-இல் அச்சுச் சுமை வரம்பு உயர்ந்து, மூன்று அச்சுத் தொகுதிக்கு 24 டன் என்பது 27 டன் ஆனது. அதற்கு முன் கட்டிய டிரெய்லரில் இப்போது கூடுதல் எடை ஏற்றுகிறீர்கள் என்றால், கால், அதைச் சேசிஸோடு பிடிக்கும் பிராக்கெட், குறுக்குத் தாங்கிகள் எல்லாம் பழைய எடைக்குத் தேர்ந்தெடுத்தவை என்பது நினைவில் இருக்கட்டும்.

கைப்பிடி சுற்ற மிகக் கடினமாக இருக்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

முதலில் எடை இல்லாமல் பாருங்கள். முன்வண்டியில் கோர்த்த நிலையில், பாதங்கள் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும். அப்போது லேசாக இருந்தால் கோளாறு லெக்கில் இல்லை. அளவுக்கு மீறிய எடையைத் தூக்கப் பார்த்திருக்கிறீர்கள், அல்லது வேக கியரில் தூக்கியிருக்கிறீர்கள்.

எடை இல்லாமலும் கடினம் என்றால், குறுக்குத் தண்டின் ஒரு முனை போல்ட்டைக் கழற்றி இரண்டு கால்களையும் பிரியுங்கள். கியர் பாக்ஸ் உள்ள காலைக் கைப்பிடியால் சுற்றிப் பாருங்கள். மறுகாலின் தண்டைப் பைப் ரெஞ்சால் திருப்பிப் பாருங்கள். எது இறுகியிருக்கிறதோ அதுதான் நோயாளி. இரண்டும் தனித்தனியே லேசாகச் சுழன்று, சேர்த்தால் மட்டும் இறுகினால், குறுக்குத் தண்டு நேர்கோட்டில் இல்லை. ஒரு பிராக்கெட் நகர்ந்திருக்கும் அல்லது தண்டே வளைந்திருக்கும். அதை விட்டுவிட்டு கியரை மாற்றிப் பயனில்லை.

இறுகிய கால் எது என்று தெரிந்ததும் எந்த இடத்தில் இறுகுகிறது என்று கவனியுங்கள். முழு நீளத்திலும் ஒரே சீராகக் கடினம் என்றால் கிரீஸ் காய்ந்தது, துரு, அல்லது மேல் பேரிங் போனது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் இறுகினால் உள்குழாய் வளைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று தட்டினால் பெவல் கியரில் பல் உடைந்திருக்கிறது.

கடினமாக இருக்கிறதே என்று கைப்பிடியில் நாலடி பைப்பைச் செருகிச் சுற்றுவதுதான் பொது வழக்கம். கைப்பிடியின் நீளத்தை ஒரு மனிதன் கையால் தரக்கூடிய விசைக்கு ஏற்றபடிதான் வைத்திருக்கிறார்கள். நீளம் இரண்டு மடங்கானால் கியர் பல்மேல் விசையும் இரண்டு மடங்கு. முதலில் உடைவது கைப்பிடித் தண்டிலுள்ள பின் (ஊசி), அது தாங்கிவிட்டால் அடுத்தது பெவல் பல்.

சுற்றும்போது கியர் நழுவி நடுவில் வந்துவிடுகிறது.

கியரை இடத்தில் பிடித்து வைப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு எஃகுக் குண்டு, தண்டில் அதற்கான பள்ளம். ஸ்பிரிங் தளர்ந்தாலோ பள்ளம் தேய்ந்தாலோ நழுவும். ஸ்பிரிங்கும் குண்டும் மலிவு, கியர் பாக்ஸ் மூடியைத் திறந்து அரை மணியில் மாற்றலாம். பள்ளம் தேய்ந்திருந்தால் தண்டை மாற்றத்தான் வேண்டும். லேத்தில் பள்ளத்தை ஆழப்படுத்திக் கொடுப்பார்கள், ஆனால் கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விடுவதால் அது நீடிக்காது.

ஓடும்போது கைப்பிடியைக் கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும். மாட்டாத கைப்பிடி அதிர்வில் சுழன்று கால் மெல்ல இறங்கும். அடுத்த லெவல் கிராசிங்கிலோ வேகத்தடையிலோ பாதம் இடிக்கும். கொக்கி ஒடிந்து, கயிற்றால் கட்டி ஓட்டும் வண்டிகள் நிறைய. ஒரு கொக்கி பற்றவைக்கப் பத்து நிமிடம் ஆகாது.

ஒரு கால் தரையைத் தொடும்போது மறுகால் அந்தரத்தில் நிற்கிறது.

தரை சமமா என்று முதலில் பாருங்கள். சமதரையிலும் அப்படியே என்றால், யாரோ குறுக்குத் தண்டைக் கழற்றி அளவு பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள். அல்லது போல்ட் அறுந்து ஒரு கால் மட்டும் சில சுற்று சுற்றியிருக்கிறது.

முன்வண்டியில் கோர்த்து, பிரேக் போட்டு, கட்டை வைத்து, பாதங்கள் அந்தரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். இரண்டு பக்கமும் வெளிக்குழாயின் அடிவிளிம்பிலிருந்து, பாதத்தை உள்குழாயோடு பிடித்திருக்கும் முள் வரை டேப்பால் அளங்கள். குறுக்குத் தண்டின் ஒரு முனையைக் கழற்றி, கியர் பாக்ஸ் இல்லாத காலை ரெஞ்சால் சுற்றி அளவைச் சமப்படுத்துங்கள். போல்ட் துளை அரைச் சுற்றுக்கு ஒரு முறைதான் நேராகும் என்பதால், ஓரிரு மி.மீ. வித்தியாசம் மிஞ்சலாம். அதனால் பாதகமில்லை. புது போல்ட், லாக் நட் போட்டுப் பூட்டுங்கள். அறுந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கம்பியை வளைத்துச் செருகியிருந்தால் அதே கோளாறு மறுபடி வரும்.

முழுதாக மேலே ஏற்றிய பிறகும் வேக கியரில் முறுக்கி ‘டைட்’ செய்யும் பழக்கம் இந்தக் கோளாறை அடிக்கடி உண்டாக்கும். நட் மேலே போய் முட்டி இறுகிவிடும். முட்டியதும் அரைச் சுற்று பின்னால் விடுங்கள்.

வளைந்த காலை காஸ் காட்டி நிமிர்த்தித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

உள்குழாய் என்றால் வேண்டாம். குழாய்க்குள் குழாய் சில மி.மீ. இடைவெளியில் ஓடுகிறது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு இடத்தில் பிடிக்கும். காஸ் சூடு பட்ட இடத்தில் எஃகின் பலமும் குறைந்துவிடும். அடுத்த முறை அங்கேயே மடியும். கூடவே உள்ளேயுள்ள திருகுத்தண்டும் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை வெளியிலிருந்து யாராலும் நிமிர்த்த முடியாது.

வளைவு இருக்கிறதா என்று உறுதி செய்ய, காலை முக்கால்வாசி இறக்கி, உள்குழாயின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் நேர்விளிம்புச் சட்டத்தை ஒட்டிப் பாருங்கள். பிறகு உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையிலுள்ள சந்து நாலு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக இரு கால்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மேலேயும் கீழேயும் அளங்கள். மேலே ஒரு அளவு, கீழே வேறு அளவு, ஆனால் குழாய்கள் நேர் என்றால், வளைந்தது கால் அல்ல, பிராக்கெட் அல்லது தாங்குசட்டம் (கால்களுக்கு முட்டுக்கொடுக்கும் குறுக்கு, சாய்வுச் சட்டங்கள்). அதை நிமிர்த்தலாம், மாற்றலாம். குறுக்கே போகும் தாங்குசட்டம் வளைந்தால் நிமிர்த்துவதைவிடப் புதிது வெட்டிப் போடுவது மலிவு.

பெவல் கியர், பேரிங் மாற்றும் வரிசை என்ன?

பாதுகாப்பு முதலில். இந்த வேலைக்கு ஜாக்கியே தேவையில்லை. டிரெய்லரை முன்வண்டியில் கோர்த்தபடியே விட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எடை முழுவதும் பிஃப்த் வீல்மேல். முன்வண்டி கிடைக்காத இடத்தில், கால்களை ஒட்டிய குறுக்குத் தாங்கிக்குக் கீழே இரண்டு பக்கமும் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எடையை அவற்றில் இறக்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது.

பாதம் தரையை விட்டு நாலு விரல் மேலே நிற்கும்படி சுற்றி நிறுத்தி, உள்குழாய்க்கு அடியில் ஒரு கட்டை கொடுங்கள். குறுக்குத் தண்டைக் கழற்றுங்கள். உச்சியிலுள்ள மூடியைத் திறந்து பழைய கிரீஸை வழித்தெடுங்கள். அந்தக் கிரீஸைத் தூக்கி எறியாமல் விரலில் தேய்த்துப் பாருங்கள்: பித்தளைத்தூள் போல மஞ்சளாக மின்னினால் நட் தேய்கிறது (நட் வெண்கலமாக இருக்கும் மாடல்களில்), எஃகுச் சில்லு இருந்தால் கியர் அல்லது பேரிங்.

சின்ன பெவல் கியரைத் தண்டோடு பிடித்திருக்கும் ரோல் பின்னைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்து, தண்டை இழுங்கள். பிறகு பெரிய பெவல் கியர். அதன் அடியில் இருப்பது செங்குத்து எடையைத் தாங்கும் பேரிங், எண் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதே எண்ணை வாங்குங்கள். இந்த பேரிங் தட்டு பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தால், எடையோடு காலைத் தரையில் ‘தொப்’பென்று இறக்கும் பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

பெவல் கியர்களை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த பல்லோடு புதுப்பல் ஓடினால் புதுப்பல்தான் முதலில் போகும். எடுத்த ரோல் பின்களைத் திரும்பப் போடாதீர்கள். பூட்டியபின் மூடி போடுவதற்கு முன்பே கையால் முழு நீளமும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

நட் தேய்ந்ததா என்று அறிய, பாதத்தைக் கடப்பாரையால் மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். லேசான ஆட்டம் இயல்பு. ‘கடக்’ என்று கேட்கும் அளவுக்கு ஆடினால் நட், திருகுத்தண்டு இரண்டையும் மாற்றும் நிலை. அந்தச் செலவில் பெரும்பாலும் ஒரு புதுக் காலே கிடைத்துவிடும்.

ஒரு கால் மட்டும் மாற்றினால் போதாதா?

அதே கம்பெனி, அதே மாடல் என்றால் போதும். வேறு கம்பெனிக் காலைக் கோர்த்தால், போல்ட் துளைகள் பொருந்தினாலும் ஒரு சுற்றுக்கு நகரும் மி.மீ. வேறாக இருக்கும். ஒரு பக்கம் வேகமாக, மறுபக்கம் மெதுவாக ஏறி, எடையெல்லாம் ஒரு காலில் விழும். அல்லது குறுக்குத் தண்டு முறுக்கிக்கொள்ளும். மாடல் தெரியவில்லை என்றால் ஜோடியாக மாற்றுங்கள்.

புது ஜோடி பொருத்தும்போது கவனிக்க வேண்டிய அளவுகள்?

கால் முழுதாக ஏறிய நிலையில் பாதத்துக்கும் தரைக்கும் குறைந்தது 300 மி.மீ. இருக்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளுக்கும் யார்டுப் பள்ளங்களுக்கும் அதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்லது. இறங்கிய நிலையில், உங்களிடம் உள்ள மிக உயரமான முன்வண்டியின் பிஃப்த் வீல் உயரத்துக்கும் சற்று மேலே டிரெய்லரைத் தூக்கும் நீளம் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் காலின் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கால் என்ன நீளமோ அதையே வாங்கி வருவது வழக்கம். டயர் அளவும் முன்வண்டியும் மாறியிருந்தால் அது பொருந்தாது.

இரு கால்களும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். முதலில் எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக மட்டும் போட்டு, குறுக்குத் தண்டைக் கோர்த்து, முழு நீளமும் சுற்றிப் பார்த்து, தண்டு பிடிக்காமல் ஓடும் நிலையில் பிறகு இறுக்குங்கள். குறுக்குத் தண்டு நீளவாக்கில் சில மி.மீ. ஆட வேண்டும். ஆட இடமில்லாமல் பூட்டினால் சேசிஸ் முறுக்கும் ஒவ்வொரு முறையும் பெவல் கியரை அது இடிக்கும்.

போல்ட் எம்16 என்றால் 8.8 தரத்துக்குக் குறையாமல் போடுங்கள். இறுக்கம் ஏறக்குறைய 190 முதல் 210 நியூட்டன் மீட்டர். தயாரிப்பாளர் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. முதல் லோடு போய் வந்ததும் ஒரு முறை டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். பெயின்ட் நசுங்கி போல்ட் தளர்வது சகஜம்.

தாங்குசட்டங்கள் இரண்டு திசையிலும் வேண்டும்: இரு கால்களுக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு காலிலிருந்தும் சேசிஸுக்குச் சாய்வாகப் பின்னோக்கி ஒன்று. பலர் குறுக்குச் சட்டத்தை மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் முன்வண்டி பின்னால் வந்து மோதும் விசை நீளவாக்கில்தான் வருகிறது. கால்கள் மடிவதும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான். பழைய டிரெய்லரில் செய்யக்கூடிய மேம்பாடுகளில், கூடுதல் டன் கால் வாங்குவதைவிட இந்தச் சாய்வுச் சட்டத்தைச் சரியாகப் போடுவதுதான் எங்கள் முதல் பரிந்துரை.

பிராக்கெட் பற்றவைப்பில் விரிசல். அதன்மேலேயே வெல்டிங் ஓட்டலாமா?

கூடாது. விரிசலின் இரு நுனிகளிலும் 6 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, விரிசலை முழு ஆழத்துக்கும் கிரைண்டரால் திறந்து, ஈரமில்லாமல் உலர வைத்த 7018 ராடால் நிரப்புங்கள். அதே இடத்தில் மீண்டும் விரிந்தால் வெல்டர்மேல் தப்பில்லை, தாங்குசட்டம் போதவில்லை.

காலின் வெளிக்குழாயைச் சேசிஸோடு நேரடியாகப் பற்றவைக்கக் கூடாது. சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டு உள்குழாயைப் பிடிக்கும். வெல்டிங் தொடங்குமுன் எடையை மேலே சொன்ன ஸ்லீப்பர் கட்டைகள்மேல் இறக்கி, முன்வண்டியைப் பிரித்து, டிரெய்லரில் ஏபிஎஸ் இருந்தால் அதன் கன்ட்ரோல் யூனிட் இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள்.

கிரீஸ் எவ்வளவு, எப்போது?

லித்தியம் ஈபி 2 கிரீஸ். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி போன்ற துறைமுக யார்டுகளில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உப்புக்காற்று உள்குழாயின் மேற்பரப்பைத்தான் முதலில் தின்னும். பிரஷர் வாட்டரில் கழுவிய அன்றும் ஒரு முறை போடுங்கள்.

கிரீஸ் ஏற்றும் நிப்பிள்கள் பொதுவாக உச்சியில் கியருக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று, வெளிக்குழாயின் பக்கத்தில் திருகுத்தண்டுக்கு ஒன்று. மூன்றாவதைத்தான் யாரும் தொடுவதில்லை. காலை இறக்கி வைத்து அதில் பத்துப் பதினைந்து அழுத்து கொடுத்து, முழுதாக ஏற்றி இறக்கினால்தான் கிரீஸ் தண்டு முழுக்கப் பரவும். உள்குழாயின் அடியில் நீர் வடியும் துளை இருக்கும். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறங்கள். அடைபட்டால் உள்ளே தேங்கும் மழைநீர் தண்டின் அடிப்பகுதியை அரித்துவிடும்.

பாதம் தார்ச்சாலையில் புதைகிறது.

மேலே சொன்ன 17 டன் கணக்கில் ஒரு காலுக்கு 8.5 டன். 25 × 25 செ.மீ. பாதம் என்றால் சதுர செ.மீ.க்கு 13.6 கிலோ அழுத்தம். சித்திரை வெயிலில் இளகிய தார் இதைத் தாங்காது, ஈரமான கரிசல் மண் நிச்சயம் தாங்காது. 60 × 60 செ.மீ. பலகை வைத்தால் அழுத்தம் 2.4 கிலோவுக்கு இறங்கும். 5 செ.மீ. கனமுள்ள கடினமரப் பலகையை இரண்டு அடுக்காக, நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் 16 மி.மீ. இரும்புத் தகடு 45 கிலோ வரும், கிளீனர் அதை ஒருநாள் தூக்குவார், மறுநாள் தூக்கமாட்டார்.

பாதத்தில் இரண்டு வகை பரவலாக உண்டு: முள்ளில் ஆடும் தட்டைப் பாதம், அடிப்பகுதி வளைந்த பிறைப் பாதம். மண் தரைக்குத் தட்டை. கான்கிரீட் யார்டில் டிரெய்லர் சற்று முன்பின் நகரும்போது உருண்டுகொடுப்பதால் பிறை நல்லது. பாத முள் தேய்ந்து துளை நீள்வட்டமாகியிருந்தால் சேர்த்தே மாற்றுங்கள்.

மோட்டார் பொருத்திச் சுவிட்சில் இயக்கலாமா? பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் போடலாமா?

கைப்பிடித் தண்டில் மாட்டும் 24 வோல்ட் மோட்டார்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்குப் பலமுறை கழற்றிக் கோர்க்கும் யார்டு வண்டிக்கு நல்ல செலவு. மாதம் இரண்டு முறை கழற்றும் வண்டிக்கு வீண். மின்சாரத்தைப் பின்விளக்கு சாக்கெட்டிலிருந்து எடுக்கவே கூடாது, அந்தக் கம்பி அந்தக் கரன்டுக்கானதல்ல. டிரெய்லரில் தனி பேட்டரி அல்லது முன்வண்டி பேட்டரியிலிருந்து தடித்த தனிக் கேபிள், பேட்டரி முனையருகே ஃபியூஸ். இரு முனையிலும் முட்டியதும் மோட்டார் தானே நிற்கும் வசதி இல்லாத மலிவு வகையை வாங்காதீர்கள், நட்டை முட்டவைத்து இறுக்கிவிடும்.

இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டாம். அதன் தட்டு விசை ரோல் பின்னையும் பெவல் பல்லையும் ஒவ்வொரு தட்டிலும் தின்னும். மெதுவாகச் சுழலும் டிரில்லில் சாக்கெட் மாட்டி, எடை இல்லாதபோது ஏற்றி இறக்க மட்டும் பயன்படுத்தலாம்.

அமெரிக்க வீடியோக்களில் கேம்பர் டிரெய்லர்களின் கால்கள் பட்டனில் இறங்குகின்றன. அதை வாங்கிப் பொருத்தலாமா?

அவை வேறு இனம். அந்த வீட்டு டிரெய்லர்களில் கிங் பின்மேல் இறங்குவது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், ஒன்றிரண்டு டன். 12 வோல்ட் மோட்டார், உள்குழாயை விரைவாக இறக்கத் துளையில் செருகும் பின் என எல்லாமே அந்த எடைக்கானவை. சரக்கு டிரெய்லரில் முதல் லோடிலேயே அந்தப் பின் அறுந்துவிடும்.

கழற்றும்போதும் கோர்க்கும்போதும் கால் உடையாமல் இருக்க?

கழற்றும்போது: டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, வேக கியரில் பாதம் தரை தொடும்வரை இறக்குங்கள். சுமை கியருக்கு மாற்றிப் பதினைந்து, இருபது சுற்று. எடை கால்களுக்கு வரத் தொடங்கினால் போதும், பிஃப்த் வீலைவிட்டு டிரெய்லரைத் தூக்க வேண்டியதில்லை. லெக் என்பது நிற்கவைக்கும் கால், ஜாக்கி அல்ல. காற்றுக் குழாய், மின் கேபிள் கழற்றி, பிஃப்த் வீல் லாக்கை விடுவித்து, முன்வண்டியை ஒரு முழம் நகர்த்தி நிறுத்துங்கள். முன்வண்டியின் சேசிஸ் இன்னும் டிரெய்லருக்கு அடியில்தான் இருக்கும். கால் அமிழ்ந்தாலோ மடிந்தாலோ அதன்மேல் விழும், தரையில் விழாது. சில நொடி பார்த்துவிட்டுப் பிறகு முழுதாக வெளியே வாருங்கள்.

கோர்க்கும்போது: டிரெய்லரின் அடித்தட்டு பிஃப்த் வீலைவிட ஓரிரு செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், முன்வண்டி உள்ளே வரும்போது தட்டைச் சற்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குமேல் தாழ்ந்திருந்தால் தூக்குவதற்குப் பதிலாகத் தள்ளும், அந்தத் தள்ளுதான் கால்களைப் பின்னோக்கி மடக்குகிறது. டிரெய்லர் உயரமாக இருந்தால் கிங் பின் லாக்குக்கு மேலே உட்கார்ந்து, பூட்டியது போலவே தோன்றும். லாக் விழுந்ததும் முதல் கியரில் ஒரு இழுப்பு இழுத்துச் சோதித்து, இறங்கிக் கண்ணால் பார்த்த பிறகே கால்களை ஏற்றுங்கள், முழுவதுமாக.

கழற்றி நிற்கும் மூடிய டிரெய்லருக்குள் ஃபோர்க்லிஃப்ட் போகலாமா?

மூக்குக்கு அடியில் தனி ஸ்டாண்டு கொடுத்தால் மட்டும். முன்சுவரை ஒட்டி நிற்கும் ஃபோர்க்லிஃப்டும் அதன் சுமையும் கால்களுக்கு முன்னால் இருப்பதால், பின்னால் சரக்கு இல்லாத நேரத்தில் டிரெய்லர் முன்பக்கம் குப்புற விழும்.

பழைய இரும்புக் கடையில் நல்ல கால் என்று சொல்லி விற்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

புது பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் காஸ் சூட்டின் நீலக் கறையோ கிரைண்டர் தடமோ இருந்தால் நிமிர்த்தப்பட்ட கால். இரண்டையும் முழு நீளம் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், பாதி இறக்கினால் போதாது. வளைவு பெரும்பாலும் கடைசி ஒரு சாணில்தான் ஒளிந்திருக்கும். மாடல் பிளேட் இரண்டு காலிலும் ஒன்றா என்று பாருங்கள். பிளேட் பிடுங்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு காலின் குறுக்குத் தண்டு முனையையும் தனித்தனியே பத்துச் சுற்று சுற்றி எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று அளங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது ஜோடியே அல்ல.